2 மீட்டர் டி.என்.ஏ. உட்கருவுக்குள் அடங்குகிறது, சரி. இறுக்கிக் கட்டியதைச் செல் எப்படிப் படிக்கிறது?

வினாமரம்

நேற்று மகளுக்கு உயிரியல் பாடம் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். ஒரு மனித செல்லில் இருக்கும் டி.என்.ஏ. முழுவதையும் நீட்டி ஒன்றாகச் சேர்த்தால் சுமார் 2 மீட்டர் வரும், அது கிடக்கும் உட்கருவின் குறுக்களவோ 6 முதல் 10 மைக்ரோமீட்டர்தான் என்று படித்தோம். பக்கத்தில் வழக்கமான படம்: இரட்டைச் சுருள், அப்புறம் மணி கோத்த மாலை, அப்புறம் தடித்த கயிறு, அப்புறம் வளையங்கள், கடைசியில் எக்ஸ் வடிவக் குரோமோசோம்.

படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவள் இரண்டு கேள்வி கேட்டாள். இவ்வளவு இறுக்கிக் கட்டி வைத்தால் செல் அதை எப்படி எடுத்துப் படிக்கும்? நூல் சிக்கு விழாதா?

நான் படித்தது இயந்திரவியல். எனக்குப் பதில் தெரியவில்லை, தேடிச் சொல்கிறேன் என்றேன். தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாக விளக்கினால் இருவருமே படித்துக்கொள்வோம்.

கணக்கன்

முதலில் ஒரு கணக்கு போட்டுப் பார்த்துவிடலாம். பலரும் இதை "இடப் பிரச்சினை" என்றே சொல்கிறார்கள். இடம் உண்மையில் பிரச்சினையே இல்லை.

டி.என்.ஏ. இழையின் தடிமன் 2 நானோமீட்டர், அதாவது ஆரம் 1 நானோமீட்டர். நீளம் 2 மீட்டர். இதை உருளையாக எடுத்துக் கன அளவு கண்டால் ஏறக்குறைய 6.3 கன மைக்ரோமீட்டர் வரும். 6 மைக்ரோமீட்டர் குறுக்களவுள்ள உட்கருவின் கன அளவு சுமார் 113. ஆக, சிறிய உட்கருவிலும் டி.என்.ஏ. பிடிக்கும் இடம் 6 விழுக்காட்டுக்குள்தான். 10 மைக்ரோமீட்டர் உட்கரு என்றால் வெறும் 1 விழுக்காடு சொச்சம். மீதி எல்லாம் நீரும் புரதமும் ஆர்.என்.ஏ.வும்.

அப்படியானால் சும்மா விட்டால் தானாக உள்ளே அடங்கிவிடுமா? அதுவும் இல்லை. டி.என்.ஏ. விறைப்பான இழை. சுமார் 50 நானோமீட்டர் தூரத்துக்கு அது நேராகவே போகப் பார்க்கும், அதற்கு மேல்தான் வளைந்து திரியும். நம்முடைய 1ஆம் குரோமோசோமில் சுமார் 24.9 கோடி கார இணைகள் (இரட்டைச் சுருளின் படிகளாக இருக்கும் எழுத்து இணைகள்), நீளம் 8.5 சென்டிமீட்டர். அதைத் தனியாக நீரில் விட்டால் எவ்வளவு பெரிய உருண்டையாகப் பரவும் என்று பாலிமர் கணக்கில் பார்த்தேன். சுமார் 75 மைக்ரோமீட்டர் அகலம் வருகிறது. அது ஒரே ஒரு குரோமோசோம். மொத்தம் 46 இருக்கின்றன.

எனவே உங்கள் மகளின் கேள்விதான் சரியான கேள்வி. இடம் நிறைய இருக்கிறது. ஆனால் அந்த இழை பரவாமல், சிக்கு விழாமல், படிக்கவும் முடிகிற மாதிரி இருக்க வேண்டும்.

வினாமரம்

6 விழுக்காடா! இரண்டு முறை கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது. அப்போது அதைப் பரவ விடாமல் பிடித்து வைத்திருப்பது எது?

இழையோடி

குரோமாட்டின் (டி.என்.ஏ.வும் அதோடு சேர்ந்த புரதங்களும்) ஆய்வகத்தில் சில வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

கணக்கன் விறைப்பைச் சொன்னார். இன்னொன்று மின்னூட்டம். ஒவ்வொரு கார இணைக்கும் இரண்டு பாஸ்பேட், ஒவ்வொன்றிலும் ஓர் எதிர்மின்னூட்டம். ஒரு செல்லில் 1,200 கோடிக்கு மேல் எதிர்மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கின்றன. இதைத் தணிக்க நேர்மின்னூட்டம் வேண்டும். அங்கேதான் ஹிஸ்டோன்கள் வருகின்றன. இவை லைசின், ஆர்ஜினின் என்ற நேர்மின் அமினோ அமிலங்கள் நிறைந்த சிறிய புரதங்கள். ஆல்பிரெக்ட் கோசல் 1884இல் வாத்தின் இரத்தச் சிவப்பணுக்களிலிருந்து பிரித்தெடுத்துப் பெயரும் வைத்தார். (பறவைகளின் சிவப்பணுவில் உட்கரு உண்டு, நம்முடையதில் கிடையாது.) அதன் பிறகு 90 வருடம், டி.என்.ஏ.வும் ஹிஸ்டோனும் எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்பது யாருக்கும் பிடிபடவில்லை. டி.என்.ஏ.வின் மேல் ஹிஸ்டோன் உறை மாதிரி போர்த்தியிருக்கும் என்றுதான் பலர் நினைத்தார்கள்.

உண்மை அதற்கு நேர்மாறு. உள்ளே இருப்பது புரதம், அதைச் சுற்றி ஓடுவது டி.என்.ஏ. எச்2ஏ, எச்2பி, எச்3, எச்4 என்ற நான்கு வகை ஹிஸ்டோனில் வகைக்கு இரண்டாக எட்டு சேர்ந்து ஒரு குட்டி உருளை ஆகிறது. அதன் மேல் 147 கார இணை நீளமுள்ள டி.என்.ஏ. ஏறக்குறைய ஒன்றே முக்கால் சுற்று, இடப்பக்கமாகச் சுற்றிக்கொள்கிறது. இதுதான் நியூக்ளியோசோம். 147 கார இணை என்றால் 50 நானோமீட்டர். கணக்கன் சொன்ன அதே நீளம்! நேராகப் போகவே விரும்புகிற துண்டை முழுச்சுற்றுக்கும் மேல் வளைத்துப் பிடிக்கிறது இந்த உருளை. எந்தப் பசையும் இல்லை. இரட்டைச் சுருளின் மேல் பெரிதும் சிறிதுமாக இரண்டு பள்ளங்கள் ஓடுகின்றன; சிறிய பள்ளம் உருளையை நோக்கித் திரும்பும் 14 இடங்களிலும் ஓர் ஆர்ஜினின் உள்ளே நுழைந்து பிடித்துக்கொள்கிறது. அவ்வளவுதான். ஒவ்வொரு பிடியும் பலவீனமானது, சேர்ந்தால் உறுதியானது. பலவீனம் என்பதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

இதைக் கண்டுபிடித்த விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. 1973இல் ஹியூவிஷ், பர்கோய்ன் இருவரும் எலியின் ஈரல் செல் உட்கருவில் டி.என்.ஏ.வை வெட்டும் நொதி வேலை செய்தால் துண்டுகள் கண்டபடி வருவதில்லை, ஓர் அடிப்படை நீளத்தின் மடங்குகளாகவே வருகின்றன என்று பார்த்தார்கள். அந்த நீளம் சுமார் 200 கார இணை. அதே காலத்தில் டொனால்ட் ஓலின்ஸும் ஏடா ஓலின்ஸும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் மணி கோத்த இழையைப் பார்த்துவிட்டார்கள். 1974இல் ரோஜர் கோர்ன்பெர்க் இரண்டையும் சேர்த்து, எட்டு ஹிஸ்டோனுக்கு 200 கார இணை என்ற மாதிரியை முன்வைத்தார். 1997இல் லூகர், ரிச்மண்ட் குழு படிக அமைப்பை 2.8 ஆங்ஸ்ட்ராம் (0.28 நானோமீட்டர்) நுட்பத்தில் வெளியிட்டபோது ஒவ்வொரு பிடியும் கண்ணுக்குத் தெரிந்தது.

டி.என்.ஏ. துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில், 200இன் மடங்குகள் ஏணிப்படி மாதிரிப் பட்டைகளாக நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். முதல் தடவை நொதியை அதிக நேரம் விட்டுவிட்டேன், ஏணி முழுவதும் மறைந்து அடியில் ஒரே ஒரு பட்டை மட்டும் நின்றது. வீணாகிவிட்டது என்று வருத்தப்பட்டேன். பக்கத்து மேசைத் தோழி வந்து பார்த்து, "அந்தப் பட்டையின் நீளம் என்ன, அளந்தாயா?" என்றாள். சுமார் 147. இடையில் தொங்கிய இணைப்பு டி.என்.ஏ.வை எல்லாம் நொதி தின்றுவிட்டது. உருளையைச் சுற்றியிருந்ததை மட்டும் அதனால் தொட முடியவில்லை. புரதம் டி.என்.ஏ.வை மறைத்துப் பாதுகாக்கிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் உள்ளே இறங்கியது.

ஒரு செல்லில் இப்படிச் சுமார் 3 கோடி நியூக்ளியோசோம்கள். ஆனால் கவனியுங்கள், இதனால் இழையின் நீளம் ஆறேழு மடங்குதான் குறைகிறது.

நிலாவாசகி

இழையோடி சொன்ன அந்தப் பாதுகாப்பு ஆய்வகத்தோடு நிற்பதில்லை. செல்கள் சாகும்போது அவற்றின் டி.என்.ஏ. துண்டுகள் இரத்தத்தில் கலக்கின்றன. அவற்றின் நீளத்தை அளந்தால் உச்சம் சுமார் 167 கார இணையில் நிற்கிறது: நியூக்ளியோசோமின் 147, கூடவே எச்1 ஹிஸ்டோன் பிடித்திருக்கும் இணைப்புப் பகுதி. நொதிகள் வெட்டியும் நியூக்ளியோசோம் காப்பாற்றியது அது. 1997இல் டென்னிஸ் லோ குழு தாயின் இரத்தத்தில் கருவின் டி.என்.ஏ. இருப்பதைக் காட்டியது. இன்று கர்ப்பிணிகளுக்குச் செய்யும் குரோமோசோம் சோதனை அந்தத் துண்டுகளைத்தான் படிக்கிறது.

எனக்கும் அந்தச் சோதனை நடந்தது. முடிவு வரும்வரை தூக்கம் இல்லை. அந்தச் சிறு துண்டுகள் எப்படி அழியாமல் இருந்தன என்று இன்றைக்குத்தான் தெரிகிறது.

சுண்ணக்கட்டி

ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை நான். வினாமரம் சொன்ன படத்தைக் கரும்பலகையில் எத்தனை முறை வரைந்திருப்பேன் என்று கணக்கில்லை. ஆறேழு மடங்குக்கு அடுத்த படி என்ன என்று யாரும் இன்னும் சொல்லவில்லை. மணி மாலை மேலும் சுருண்டு 30 நானோமீட்டர் கயிறு ஆகிறது, ஒரு சுற்றுக்கு ஆறு நியூக்ளியோசோம். ஃபின்ச், குளுக் 1976இல் தந்த மாதிரி. எச்1 அதைப் பூட்டுகிறது. ரைபோசோமுக்காக 2009இல் நோபல் பெற்ற வெங்கி ராமகிருஷ்ணன் அதற்கு முன்பு எச்5இன், அதாவது எச்1இன் நெருங்கிய உறவின், படிக அமைப்பைக் கண்டவர் என்று வகுப்பில் பெருமையாகச் சொல்வேன். அந்தக் கயிறுதான் அடுத்த படி.

இழையோடி

அம்மா, எச்5 பற்றி நீங்கள் சொன்னது சரி, 1993இல் வந்தது. ஆனால் கயிறு விஷயத்தில் மாறுபட வேண்டியிருக்கிறது.

30 நானோமீட்டர் கயிற்றைச் சோதனைக் குழாயில் பார்க்கலாம். உப்பின் அளவைச் சரியாக வைத்தால் அழகாகவே உருவாகும். ஆனால் உறைய வைத்த செல்களை அப்படியே எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, 2008இல் பிரிந்துகொண்டிருக்கும் மனித செல்களின் குரோமோசோம்களில் அந்தக் கயிறு தென்படவில்லை. 2017இல் டி.என்.ஏ.வுக்கு மட்டும் சாயமேற்றி முப்பரிமாணத்தில் எடுத்த ஆய்வில் தெரிந்தது 5 முதல் 24 நானோமீட்டர் வரை தடிமன் மாறிக்கொண்டே இருக்கும், ஒழுங்கற்று வளைந்து நெளியும் சங்கிலி. சில விசேஷ செல்களில் கயிறு உண்டு, கோழியின் சிவப்பணு அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் பெரும்பாலான செல்களில் அப்படி ஒரு படி இருப்பதாகத் தெரியவில்லை.

அந்தப் படத்தில் எனக்கு உள்ள வருத்தம் தடிமன் பற்றியது மட்டும் இல்லை. படிப்படியாகக் கட்டி அலமாரியில் வைத்த மூட்டை மாதிரி ஒரு எண்ணத்தை அது தருகிறது. படிக்க வேண்டுமென்றால் எல்லாக் கட்டையும் அவிழ்க்க வேண்டும் என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள். வினாமரத்தின் மகள் கேட்டதும் அதனால்தான்.

சுண்ணக்கட்டி

இத்தனை வருடம் பிள்ளைகளுக்குச் சொன்னதை மாற்றிக்கொள்வது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் ஒழுங்கற்ற சங்கிலி என்றால் செல் இயங்குவது எனக்கே இப்போது எளிதாகப் புரிகிறது. நன்றி, தம்பி.

வினாமரம்

சரி, மூட்டை இல்லை. ஆனால் உருளையைச் சுற்றிய பகுதியை வெட்டும் நொதியே தொட முடியவில்லை என்கிறீர்கள். படிக்க வரும் புரதம் மட்டும் எப்படித் தொடுகிறது?

தேடல்வழி

இந்த இடம்தான் எனக்குத் தெரிந்த பகுதி, புரதம் டி.என்.ஏ.வைத் தேடிப் பிடிக்கும் வேலை.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் தள்ளிவிட வேண்டும். எழுத்தைப் படிக்க இரட்டைச் சுருளைப் பிரிக்கத் தேவையில்லை. கார இணைகளின் ஓரங்கள் பெரிய பள்ளத்தில் வெளியே தெரிகின்றன. எந்த அணு ஹைட்ரஜனைக் கொடுக்கும், எது வாங்கும், எங்கே மெத்தில் என்ற சிறு அணுக்கூட்டம் துருத்திக்கொண்டிருக்கிறது என்ற வரிசை ஏ-டி கார இணைக்கு ஒரு மாதிரி, ஜி-சி இணைக்கு வேறு மாதிரி. புரதத்தின் ஒரு சுருள் அந்தப் பள்ளத்தில் விரலை வைத்துத் தடவுகிற மாதிரி படிக்கிறது. ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கும்போதுதான் சுருள் பிரியும்.

இரண்டாவது, தேடுவது. ஈ. கோலை பாக்டீரியாவில் 46 லட்சம் கார இணைகள். அதில் லாக்டோஸ் மரபணுக்களை அடக்கி வைக்கும் லாக் ஒடுக்கிப் புரதம் ஒரு செல்லில் பத்துச் சொச்சம் மட்டும். அது நீரில் மிதந்து முட்டி மோதி இடத்தைக் கண்டுபிடிப்பதில்லை. எந்த டி.என்.ஏ. கிடைத்தாலும் மின்னூட்டத்தால் லேசாக ஒட்டிக்கொள்ளும், கொஞ்ச தூரம் வழுக்கும், விட்டுவிட்டு வேறு இடத்துக்குத் தாவும். சரியான இடத்தில் மட்டும் நிலைக்கும்.

மூன்றாவது, உங்கள் கேள்வி. நியூக்ளியோசோம் அசையாத கல் இல்லை. ஜோனதன் விடம் குழு 2005இல் அளந்தது: சுற்றியிருக்கும் டி.என்.ஏ.வின் முனை சுமார் 250 மில்லி நொடி மூடியிருக்கும், பிறகு 10 முதல் 50 மில்லி நொடி தானாகத் திறந்து மூடும். ஒரு நொடிக்கு மூன்று நான்கு தடவை ஓரம் மூச்சு விடுகிறது என்று வையுங்கள். இழையோடி சொன்ன பலவீனமான பிடிகள் இங்கேதான் உதவுகின்றன. அந்த இடைவெளியில் ஒரு புரதம் வந்து உட்கார்ந்துவிட்டால் டி.என்.ஏ.வால் மறுபடி மூட முடியாது. ஆனால் உருளையின் நடுப்பகுதி அவ்வளவு எளிதில் திறக்காது. அதற்கு செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யைச் செலவழித்து நியூக்ளியோசோமைத் தள்ளவும் பிடுங்கவும் செய்கிற இயந்திரங்கள் உண்டு. ஸ்விஸ்னிஃப் என்ற தொகுதி ஈஸ்டில் முதலில் தெரியவந்தது. மனிதப் புற்றுநோய்களில் சுமார் ஐந்தில் ஒன்றில் இந்தத் தொகுதியின் ஏதாவது ஒரு மரபணு பழுதாகியிருக்கிறது. நியூக்ளியோசோம் சரியான இடத்தில் இல்லாவிட்டால் எவ்வளவு கெடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

ஃபாக்ஸ்ஏ மாதிரிச் சில புரதங்கள் மூடியிருக்கும் குரோமாட்டினையே நேரடியாகப் பிடிக்கும். அவை முன்னோடிப் புரதங்கள். அவை வழி திறந்த பிறகு மற்றவை வரும்.

கணக்கன்

அப்படியென்றால் திறந்திருந்தால் படிக்கும், மூடியிருந்தால் படிக்காது என்று எடுத்துக்கொள்ளலாமா?

தேடல்வழி

அவ்வளவு எளிதாக வேண்டாம். ஹிஸ்டோன்களின் வால்கள் உருளைக்கு வெளியே நீண்டிருக்கின்றன. அந்த வாலில் ஒரு லைசினுக்கு அசெட்டைல் குழு ஏறினால் அதன் நேர்மின்னூட்டம் போய்விடும், பிடி தளரும். வின்சென்ட் ஆல்ஃப்ரே 1964லேயே இதை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுத்தலோடு இணைத்துச் சொன்னார். ஆனால் அதை ஏற்றுகிற நொதி ஒரு மரபணுவை இயக்கும் புரதமே என்று டேவிட் ஆலிஸ் குழு காட்டியது 1996இல்தான். இதோடு, அதே அசெட்டைலை அடையாளமாகக் கண்டு வந்து ஒட்டும் புரதங்களும் இருக்கின்றன. மெத்தில் குழுவோ மின்னூட்டத்தை மாற்றுவதே இல்லை. அது வெறும் அடையாளம்: எச்3இன் 4ஆம் லைசினில் மூன்று மெத்தில் இருந்தால் பெரும்பாலும் இயங்கும் மரபணுவின் தொடக்கம், 27ஆம் லைசினில் இருந்தால் அடக்கப்பட்ட மரபணு. ஒரே இழை, அதன் மேல் செல்லுக்குச் செல் வேறு வேறு குறிப்புகள். கட்டி வைப்பதும் படிப்பதும் ஒரே வேலையின் இரண்டு பக்கம் என்றுதான் நான் பார்க்கிறேன்.

கணக்கன்

புரிந்தது. சிக்கு பற்றிய கேள்வி பாக்கி இருக்கிறது, அதற்கு நான் படித்ததை எழுதுகிறேன்.

சிக்கு விழத்தான் செய்யும். அதை எடுப்பதற்கென்றே டோபோஐசோமரேஸ் என்ற நொதிகள் இருக்கின்றன. இரண்டாம் வகை டோபோஐசோமரேஸ் ஒரு டி.என்.ஏ.வின் இரண்டு இழையையும் வெட்டி, அந்த இடைவெளி வழியாக இன்னொரு டி.என்.ஏ.வைக் கடத்தி, வெட்டியதை மறுபடி ஒட்டிவிடும். நூற்கண்டில் சிக்கெடுக்கத் தவித்த யாருக்கும் இது கனவு மாதிரி இருக்கும். எட்டோபோசைட் என்ற புற்றுநோய் மருந்து, வெட்டிய பிறகு ஒட்ட விடாமல் இந்த நொதியைத் தடுத்து நிறுத்துகிறது. அந்த வெட்டுகள் சேர்ந்து செல்லைக் கொன்றுவிடும்.

இன்னொன்று, வளையம் இழுக்கும் இயந்திரங்கள். கண்டென்சின் என்ற புரதத் தொகுதி டி.என்.ஏ.வைப் பிடித்து வளையமாக உள்ளே இழுக்கிறது. 2018இல் ஒற்றை மூலக்கூறு அளவில் இதைப் படமே பிடித்துவிட்டார்கள், வேகம் ஒரு நொடிக்கு 1,500 கார இணை வரை. செல் பிரியும் நேரத்தில் குரோமோசோம் எக்ஸ் வடிவத்துக்குச் சுருங்குவதில் பெரிய பங்கு இதற்குத்தான். அதன் உறவான கோஹெசின் மற்ற நேரத்தில் இதே வேலையைச் செய்கிறது. சிடிசிஎஃப் என்ற புரதம் உட்கார்ந்திருக்கும் இடம் வந்தால், அதுவும் சரியான திசையில் இருந்தால், கோஹெசின் நிற்கும். இப்படி மரபணுவும் தொலைவில் இருந்து அதை இயக்கும் டி.என்.ஏ. பகுதியும் ஒரே வளையத்துக்குள் சந்திக்கின்றன.

நிலாவாசகி

எங்கே வைக்கிறது என்பதும் முக்கியம். பெரும்பாலான செல்களில் அடர்ந்த, அடங்கிய குரோமாட்டின் உட்கருவின் ஓரத்தில் லேமின் என்ற புரத வலையோடு ஒட்டியிருக்கும், இயங்கும் பகுதி உள்ளே. ஆனால் எலி, பூனை மாதிரி இரவில் நடமாடும் பாலூட்டிகளின் விழித்திரைக் கோல் செல்களில் இது தலைகீழ்! அடர்ந்த பகுதி நடுவில் குவிந்திருக்கிறது. 2009இல் சோலோவெய் குழு கண்டது: அப்படிக் குவிந்த உட்கரு ஒரு குட்டி லென்ஸாக ஒளியைச் சிதற விடாமல் உள்ளே அனுப்புகிறது. இருட்டில் பார்ப்பதற்காக டி.என்.ஏ.வை மாற்றி அடுக்கியிருக்கிறது செல். இதைப் படித்த இரவு நான் யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று தவித்தேன், இன்று இடம் கிடைத்தது.

வினாமரம்

எல்லாப் பதிவையும் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். லென்ஸ் விஷயத்தை இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள். பிறகு ஒரு கேள்வி: செல் பிரிவதற்கு முன்னால் டி.என்.ஏ.வைப் படியெடுக்கும்போது இந்த உருளைகள் எல்லாம் கழன்றுவிடுமே, அதில் எழுதிய குறிப்புகள் தொலைந்துபோகாதா?

இழையோடி

அவளிடம் சொல்லுங்கள், இந்தக் கேள்விக்காகவே சிலர் முழு வாழ்நாளையும் கொடுத்திருக்கிறார்கள்.

படியெடுக்கும் இயந்திரம் வரும்போது முன்னால் இருக்கும் நியூக்ளியோசோம் கழலத்தான் செய்கிறது. ஆனால் பழைய எச்3, எச்4 ஹிஸ்டோன்கள் தூக்கி எறியப்படுவதில்லை. அந்த இயந்திரத்தின் பாகங்களே அவற்றைப் பிடித்து, பின்னால் உருவாகும் இரண்டு புதிய டி.என்.ஏ.க்களுக்கும் ஏறக்குறைய பாதிப் பாதியாகக் கொடுக்கின்றன. பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே உட்காரும். இடைவெளிகளில் குறிப்பு ஏதும் இல்லாத புது ஹிஸ்டோன்கள் நிரம்பும். பிறகு, பழைய வாலில் இருக்கும் குறிப்பை அடையாளம் கண்டு பிடித்துக்கொண்டு, பக்கத்துப் புதிய வாலில் அதையே எழுதும் நொதிகள் வருகின்றன. பிஆர்சி2 என்ற புரதத் தொகுதி அப்படி ஒன்று: 27ஆம் லைசினின் மெத்திலை ஒரு பகுதியால் படிக்கும், இன்னொரு பகுதியால் எழுதும். எல்லாக் குறிப்புகளும் இப்படிப் படியாவதில்லை, அசெட்டைல் பெரும்பாலும் சீக்கிரம் அழிந்துவிடும்.

வேகத்தையும் அவளையே கணக்குப் போடச் சொல்லுங்கள். மனித செல் டி.என்.ஏ.வைப் படியெடுக்க எடுத்துக்கொள்வது சுமார் 8 மணி நேரம். அதற்குள் புதிதாக 3 கோடி நியூக்ளியோசோம் கட்டியாக வேண்டும். எனக்கு நொடிக்கு ஆயிரம் என்று வந்தது.